துப்பாக்கிக் குண்டின் உறையும் உள்ளீடும்

தமிழ் பயிலும் மாணாக்கனொருவன் துப்பாக்கிக் குண்டைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என்று நண்பர் சிலர் வினவக்கூடும். ஏட்டுச் சுவடியொன்று கையிற் கிடைத்தால் நாம் செய்வது யாது? ஓலையின் நிறத்தையும் நீளத்தையும் பார்க்கிறோம். எழுத்தின் வடிவை நோக்கிக் காலத்தை உய்த்துணர்கிறோம். இறுதியில் எழுதினோன் குறித்துள்ள ஆண்டு மெய்தானோ என்று ஐயுறுகிறோம். பழைய இராணுவத் தோட்டாக்களைச் சேகரித்து ஆராய்வோர் செய்வதும் இதுவே. அவர்களுக்கும் பாடபேதங்கள் உண்டு, இடைச்செருகல்களும் உண்டு. ஆனால், அவர்களுடைய சுவடியைப் பிரித்துப் படித்தல் கூடாது. மூடியிருக்கும்போதே உள்ளிருப்பதை அறிதல் வேண்டும். அவ்வாறு அறியும் முறைகளை, யான் கற்ற அளவில், ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

முதற்கண் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். உலக வழக்கில் தோட்டா முழுவதையுமே குண்டு என்று சொல்லிவிடுகிறோம். தோட்டா நான்கு உறுப்புடையது. பித்தளையாலேனும் இரும்பாலேனும் ஆகிய கூடு ஒன்று; அக்கூட்டின் அடியிற் பதிந்து, ஊசி தட்டியவுடன் தீப்பொறி எழுப்பும் சிறு மூடி ஒன்று; உள்ளே நிறைந்த மருந்து ஒன்று; கூட்டின் வாயிற் செருகப்பட்ட குண்டு ஒன்று. குழலை விட்டுப் புறப்பட்டுச் செல்வது இந்நான்கனுள் குண்டு மட்டுமே. துப்பாக்கி என்னும் பெயர் துருக்கி மொழிச் சொல்லொன்றிலிருந்து பல கை மாறி நம்மிடம் வந்தது. தோட்டா என்பது இந்துஸ்தானியின் வழியாக வந்தது. குறளிற் காணும் துப்பு என்னும் சொல்லோடு துப்பாக்கிக்கு உறவு கற்பிப்போர் வேடிக்கைக்காகவே கற்பிக்கின்றனர் என்று கொள்க.

பழைய குண்டு வெறும் ஈயக் கட்டி. 1871-ம் ஆண்டில் ஆங்கிலப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கியின் குண்டு 480 கிரெயின், அஃதாவது 31 கிராம் எடையுள்ளது. ஈயத்தோடு சிறிது வெள்ளீயம் கலந்து வார்த்தது. பின்னர்க் குழலின் துளையைச் சிறிதாக்கி வேகத்தை மிகுத்தபோது ஓர் இடர் தோன்றிற்று. குழலினுள்ளே திருகு போல் வெட்டிய வரைகள் குண்டைப் பற்றிச் சுழற்ற வேண்டும். மெல்லிய ஈயமோ அவ்வேகத்தில் சுழல மாட்டாது உரிந்து குழலிலே ஒட்டிக்கொண்டது. சுவிட்சர்லாந்து நாட்டுத் தூன் நகரில் படைக்கலச் சோதனைச்சாலையின் தலைவராயிருந்த எட்வர்ட் ரூபின் 1882-ம் ஆண்டில் ஈயத்திற்குச் செம்பினால் ஒரு சட்டை தைத்தாற்போல மேலுறை இட்டார். பிரான்சு 1886-லும் பிரிட்டன் 1888-லும் உறையிட்ட குண்டுகளை எறியும் சிறுதுளை ரைபிள்களை ஏற்றன. அன்று முதல் குண்டு என்பது உறை, உள்ளீடு என இரு பொருளாயிற்று. உறையை எவரும் காணலாம். உள்ளீட்டைக் காண முடியாது. சேகரிப்போருக்குள்ள சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகின்றது.

உள்ளே இருப்பது எதுவாயினும் என்ன, கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்ப்பதற்கு அது வேண்டுமோ என்று கேட்பார்க்கு ஒரு வரலாறு சொல்வேன்.

1895-ம் ஆண்டு சித்ரால் போரில், முழு உறையிட்ட புதிய குண்டு எதிரியின் உடலைத் துளைத்து அப்பாற் சென்றுவிடுகிறதேயன்றி, ஓடிவருவோனைத் தடுத்து நிறுத்துவதில்லை என்று ஆங்கிலப் படையினர் குறைகூறினர். கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊரிலிருந்த படைக்கலச் சாலையின் தலைவர் கேப்டன் பெர்ட்டி-கிளே, உறையை நுனியிற் சிறிது குறைத்து உள்ளிருக்கும் ஈயம் வெளியே தெரியும்படி ஒரு குண்டு செய்வித்தார். உடலிற் பட்டவுடன் அவ்வீயம் விரிந்து காயத்தைப் பெரிதாக்கும். 1897, 98-ம் ஆண்டுகளில் தீராப் போரில் அது வழங்கிற்று. ஐரோப்பாவில் கண்டனம் எழுந்தது. ஜெர்மனியில் தூபிங்கன் பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவராகிய பால் ஃபான் புருன்ஸ் ஈயநுனிக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, அவை விளைக்கும் கொடிய சிதைவுகளை விவரித்து வெளியிட்டார். அதனைப் படித்தோர் டம்டம் குண்டின் இயல்பு இதுவென்றே கொண்டனர். ஆனால், அவர் சுட்டது டம்டம் குண்டன்று. வேட்டைக்கு வழங்குவது போன்ற, ஈயம் பெரும்பகுதி வெளித்தோன்றிய வேறொரு குண்டு. அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இதனை எடுத்துக் காட்டினார். 1899-ம் ஆண்டு ஹேக் நகரிற் கூடிய சமாதான மாநாட்டில் பிரிட்டனின் படைத்துறைப் பிரதிநிதி சர் ஜான் ஆர்டாவும் இவ்வேற்றுமையையே வற்புறுத்தினார். கேட்பார் இல்லை. உடலினுள் எளிதில் விரிவனவும் தட்டையாவனவுமான குண்டுகளை, அவற்றுள்ளும் உள்ளீட்டை முற்ற மூடாத உறையுடையவற்றை, விலக்கும் பிரகடனம் பிரிட்டனும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் மறுத்தும் நிறைவேறிற்று. பிரிட்டன் 1907-ல் அதனை ஏற்றது.

டம்டம் குண்டு இரக்கமுடையது என்று யான் வாதிக்க வரவில்லை. மனிதன் உடலுக்குள் விரிவதற்கென்றே செய்யப்பட்ட பொருளுக்காக வழக்காடுதல் எனக்கு உவப்பன்று. மாநாட்டின் முடிவு நல்முடிபே என்பது என் எண்ணம். ஆயினும், ஒரு நூலின் உரையை மற்றொரு நூலின் தலையிற் கட்டுவது போல, ஒரு குண்டின் செயலை மற்றொரு குண்டின் மேல் ஏற்றியது பிழைதான். நல்ல வழக்கிற்கும் பொய்ச் சான்று ஆகாது. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. 1857-ம் ஆண்டு சனவரியில், புதிய என்பீல்டுத் தோட்டாவின் தாளிற் பூசிய கொழுப்பு எவ்விலங்கினது என்னும் கேள்வி முதன்முதற் சிப்பாய்களிடையே எழுந்ததும் இதே டம்டத்தில்தான். தோட்டா எப்பொருளால் ஆயது என்னும் கேள்வி ஒரே ஊரில், நாற்பதாண்டு இடைவெளியில், இருமுறை உலகை அசைத்திருக்கிறது.

நிற்க. குண்டை அறியும் முறைக்கு வருவோம். அறிவதற்குரிய அளவைகளை மணிமேகலையிற் படிக்கிறோம். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றுமே நம் செயலுக்குப் போதும்.

காட்சியில் முதலாவது நிறம். வெண்மையாய் வெள்ளிபோல் தோன்றும் உறை பெரும்பாலும் செம்பு 80 பங்கும் நிக்கல் 20 பங்கும் சேர்ந்த செம்புநிக்கல் ஆகும். பழைய ஆங்கில, அமெரிக்கக் குண்டுகள் இவ்வுறை பூண்டவை. வேகம் மிக மிக இவ்வுறை குழலினுள் கட்டி கட்டியாய்ப் படிந்து துன்புறுத்தியமையால், 1920-களில் அமெரிக்கர் அதனைக் கைவிட்டுச் செம்பு 90 அல்லது 95 பங்கும் எஞ்சியது துத்தநாகமுமாகிய செம்பொன் நிறக் கலவைக்கு மாறினர். ஆங்கிலேயரும் பின்னர் அவ்வாறே மாறினர். ஆகவே, வெள்ளுறை பழமைக்கும் செவ்வுறை புதுமைக்கும் ஓரளவு அடையாளம். ஓரளவே என்பதை மறவற்க. ஜெர்மானியர் தொடக்க முதலே இரும்புத் தகட்டின் மேல் மெல்லிய செம்புநிக்கலோ செம்புக் கலவையோ போர்த்து உறை செய்தனர். 1921-ம் ஆண்டு அமெரிக்கப் போட்டித் தோட்டாக்களில் குண்டின் மேல் வெள்ளீயம் பூசினர். அவையும் வெள்ளையாகவே தோன்றும். வேதாகமத்தில் வரும் வெள்ளையடித்த கல்லறை இவற்றிற்கு நல்ல உவமை.

அடுத்தது வடிவம். 1898-க்கு முன்னைய குண்டுகள் யாவும் மழுங்கிய முனையுடையன. பிரெஞ்சுக்காரரின் D குண்டும், அதன் பின் 1905-ஐ ஒட்டி ஜெர்மானியரின் S குண்டும் கூர்முனையைப் புகுத்தின. உருசியர் 1908-லும் ஆங்கிலேயர் 1910-லும் அதனைப் பின்பற்றினர். அடிப்பாகம் நேராயிருப்பதும் படகின் பின்புறம் போல் ஒடுங்கியிருப்பதும் மற்றொரு வேறுபாடு. ஆனால், தோட்டாவிற் செருகியிருக்கும் குண்டின் அடி கூட்டினுள் மறைந்திருக்குமாதலின், தனிக் குண்டு கிடைத்தாலன்றி இதனைக் காணவியலாது. தனிக் குண்டு கிடைக்குமாயின் அதன் அடியை முதலிற் பார்க்க. முனைமூடிய படைக்குண்டின் உறை முனையிலிருந்து இழுத்து வார்க்கப்படும். ஈயம் அடிவழியே செலுத்தப்பட்டு, உறையின் விளிம்பு மடித்து அமுக்கப்படும். ஆகவே அடியில் ஈயம் வட்டமாய்த் தெரியும். வேட்டைக் குண்டில் இது தலைகீழ்: உறை அடியை மூடி முனையில் திறந்திருக்கும். 1908-ம் ஆண்டு உருசியக் குண்டின் அடியிலோ கூம்பு வடிவான குழியொன்று காணப்படும்; அதனைக் கண்டார் வேறு சான்று தேடவேண்டுவதில்லை.

இனிக் கருதல் அளவை. இதற்குரிய கருவிகள் எளியவை: ஒரு காந்தம், ஒரு நல்ல தராசு, ஒரு கிண்ணம் நீர்.

காந்தத்தை நூலில் தொங்கவிட்டுக் குண்டை அதனருகே மெல்லக் கொண்டுசெல்க. வெள்ளுறைக் குண்டு இரண்டனுள் ஆங்கிலக் குண்டு அசையாது. ஜெர்மானியக் குண்டு தாவி ஒட்டிக்கொள்ளும். நிக்கலைக் காந்தம் ஈர்க்குமே, செம்புநிக்கலை ஏன் ஈர்க்கவில்லை என்று வேதியியல் மாணாக்கர் கேட்பர். செம்பு மிகுதியாய்க் கலந்தவிடத்து நிக்கல் அவ்வியல்பை இழந்துவிடுகிறது. ஐயமுடையார் 1980-களில் வெளிவந்த செம்புநிக்கல் ஒரு ரூபாய் நாணயத்தையும், பிற்காலத்து எஃகு நாணயத்தையும் காந்தத்தினிடம் காட்டிப் பார்க்கலாம். முன்னது அசையாது, பின்னது ஒட்டும். காந்தம் ஈர்க்கின்றது என்பதனால் மட்டும் உள்ளீடு எஃகு என்று முடிவு செய்தல் கூடாது, உறையே இரும்பாயிருக்கலாம். இப்பிழையே புதியோர் பெரிதும் செய்வது. உறை இரும்பாயின் முனை முதல் அடி வரை எங்கும் ஈர்ப்பு வலிதாயிருக்கும். உறை செம்புக் கலவையும் உள்ளீடு எஃகுமாயின், எஃகு கிடக்கும் இடத்தில் மட்டும், அதுவும் உறையின் தடிப்பு இடையே நிற்பதால் சற்றே மெலிந்து, ஈர்ப்புத் தோன்றும். வட அட்லாண்டிக் உடன்படிக்கை நாடுகள் 1980-ல் ஏற்ற 5.56 மில்லிமீட்டர்க் குண்டின் முனையருகே சிறியதோர் எஃகுத் துண்டும் அதன் பின்னே ஈயமும் உள்ளன. காந்தம் அதன் முனையையே நாடும். நடுவையும் அடியையும் பொருட்படுத்தாது.

தராசின் பயன் இன்னும் நுண்ணியது. ஈயம் நீரைப்போல் 11.3 மடங்கு கனமுடையது, செம்பு ஏறக்குறைய 9 மடங்கு, எஃகு 7.8 மடங்கு, அலுமினியம் 2.7 மடங்கு. ஈய உள்ளீடும் உலோக உறையும் உடைய குண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 10-க்கும் 11-க்கும் இடையே நிற்கும். இதனை ஆர்க்கிமிடீஸ் முறையால் எளிதிற் காணலாம்: தனிக் குண்டை முதலில் வெளியிலும், பின்னர் மெல்லிய இழையிற் கட்டி நீரில் மூழ்கியவாறும் நிறுத்தி, குறைந்த எடையால் முதல் எடையை வகுத்தால் போதும். பிரெஞ்சு D குண்டும் ஜெர்மானியரின் பிற்காலத்து sS குண்டும் ஒவ்வொன்றும் 12.8 கிராம். இரண்டும் கூர்முனை, இரண்டும் ஒடுங்கிய அடி. நீரில் இட்டால் பிரெஞ்சுக் குண்டு ஏறக்குறைய 1.45 கிராம் இழக்கும். ஜெர்மானியக் குண்டு ஒன்றேகால் கிராமளவே இழக்கும். காரணம் யாதெனின், D குண்டுக்கு உறையுமில்லை, உள்ளீடுமில்லை. செம்பு 90 பங்கும் துத்தநாகம் 10 பங்குமாகிய ஒரே கட்டியிலிருந்து அது முழுவதும் செய்யப்பட்டது. உள்ளும் புறமும் ஒன்றாயிருக்கும் குண்டு அது. படைக்குண்டுகளுள் அத்தகையது அரிது.

எடையினால் மட்டும் தெளியாத குண்டு ஒன்று உண்டு. அதுவே நம் நாட்டார்க்கு மிக அறிமுகமான "த்ரீ நாட் த்ரீ" ரைபிளின் ஏழாம் மார்க்குக் குண்டு. அதனைச் சற்று விரித்துரைப்பேன்.

இதற்கு முன்னையதாகிய ஆறாம் மார்க்கு 1904-ல் வந்தது. மழுங்கிய முனை, 215 கிரெயின் எடை. ஏழாம் மார்க்கு 1910-ல் வந்தது. கூர்முனை, 174 கிரெயின் எடை. 41 கிரெயின் குறைந்தும் நீளம் குறையவில்லை. கூர்முனையாக்கியதனால் மட்டும் இவ்வளவு எடை குறையாது. வேறு எங்கோ ஈயம் குறைந்திருத்தல் வேண்டும். குண்டை ஒரு கத்திமுனையின் மேல் கிடையாய் வைத்துச் சமநிலைப்படும் இடத்தைத் தேடினால் மறைபொருள் வெளிப்படும். சமநிலை இடம் அடியை நோக்கி வெகுவாய் ஒதுங்கியிருக்கும். முன்பாகத்தின் உள்ளே இருப்பது ஈயமன்று, அலுமினியம். அதன் பின்னரே 98 பங்கு ஈயமும் 2 பங்கு ஆண்டிமனியும் சேர்ந்த கட்டி கிடக்கின்றது.

வானிற் செல்லும்போது சுழற்சியினால் இக்குண்டு நேரே செல்லும். உடலிற் புகுந்தவுடன், பின்பாகம் கனமாதலின், நிலைகுலைந்து புரளும். குறுக்காகப் புரண்ட குண்டு விளைக்கும் காயம் பெரிது. உறையோ முனை முழுவதையும் மூடியிருக்கின்றது. ஹேக் பிரகடனத்தின் எழுத்துக்கு எவ்வகையிலும் மாறுபடவில்லை. முனையை இலேசாக்கியது, பழைய ரைபிளுக்கு ஏற்ற நீளத்தைக் காத்து எடையைக் குறைத்து வேகத்தை மிகுப்பதற்கே என்பர் சிலர். வேகம் நொடிக்கு 2,440 அடியாக உயர்ந்ததும் உண்மையே. நோக்கம் எதுவாயினும் விளைவு ஐயத்திற்கு இடமற்றது. 1914 செப்டம்பரில் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், பகைவர் டம்டம் குண்டு வழங்குவதாக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்ஸனுக்குத் தந்தியடித்தார். ஏழாம் மார்க்குக் குண்டை அறுத்துப் பார்த்து முனையில் வேறு பொருள் இருக்கக் கண்ட ஒருவன் அதனையே டம்டம் என்று கூறியிருந்தாலும் வியப்பில்லை. ஆனால், அது டம்டம் அன்று. டம்டம் குண்டின் கொடுமை உறையின் திறப்பில் இருந்தது. இதன் கொடுமை எடையின் பங்கீட்டில் இருக்கின்றது. பேழையில் பெயர் எழுதி வைப்போன் இவ்விரண்டையும் ஒன்றாக்கினால் பிழை. இரண்டாவதனை எழுதாமல் விட்டாலும் பிழை.

இனி, அலுமினியம் விமானங்களுக்கு வேண்டப்பட்ட போர்க்காலங்களில் முனையை வேறு பொருள்களால் நிரப்பினர். மரக்கூழும், அழுத்திய தாளும், தெனைட்டு என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்கும் வழங்கின. புறத்தோற்றத்தில் இவற்றிடையே வேறுபாடு சிறிதும் இல்லை. எடையும் சமநிலை இடமும் மயிரிழையளவே மாறும். ஆகவே, எக்ஸ்ரேப் படமின்றி "முனையில் மரக்கூழ்" என்று துணிந்து எழுதுதல் தகாது. "முனையில் இலேசான பொருள்" என்றெழுதி நிறுத்துக. இம்மரக்கூழையும் தாளையும் பற்றிய ஒரு செய்தியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் வாளா இருந்தேன். காயத்தினுள் இவை சிதறினால் புண் அழுகக்கூடும் என்று கருதி, அறுவை மருத்துவர் தம் கத்திகளை வைக்கும் நீராவிக் கலத்தில் வைத்தாற்போல இவற்றையும் நுண்கிருமி நீங்க அவித்துச் சுத்தி செய்தனராம்.

உலோகப் பஞ்சத்தின் கதை ஜெர்மானியக் குண்டுகளில் இன்னும் வெளிப்படை. இரண்டாம் உலகப் போரில் ஈயத்தை மிச்சப்படுத்த SmE என்னும் குறியுடைய குண்டில் மெல்லிரும்பு உள்ளீடு வைத்து, அதனைச் சுற்றி ஈயம் சிறிதே பூசினர். கவசம் துளைக்கும் SmK குண்டிலும் உள்ளீடு எஃகே. ஆனால் அது பதமிட்டுக் கடினமாக்கியது. ஒன்று வறுமையால் வந்த இரும்பு, மற்றது வன்மைக்காக வந்த எஃகு. காந்தத்திற்கு இரண்டும் ஒன்றே! இங்கேதான் மூன்றாவது அளவை உதவுகின்றது.

உரை என்பது செய்தோர் தாமே பொறித்தும் பூசியும் வைத்த குறி. ஜெர்மானியத் தோட்டாவின் அடியில் தீமூடியைச் சுற்றிய வளையத்தின் நிறம் sS குண்டிற்குப் பச்சை, SmK-விற்குச் சிவப்பு, SmE-க்கு நீலம். ஆங்கிலத் தோட்டாவில் சாதாரணக் குண்டிற்கு ஊதா, கவசம் துளைப்பதற்குப் பச்சை, ஒளிவால் காட்டிச் செல்வதற்குச் சிவப்பு, தீமூட்டுவதற்கு நீலம். ஒரு நாட்டின் பச்சை மற்றொரு நாட்டின் பச்சையன்று என்பதை ஈண்டு நோக்குக. அமெரிக்கர் குண்டின் முனையிலேயே வண்ணம் தீட்டினர். கருமுனை கவசம் துளைப்பது. உருசியரின் 1930-ம் ஆண்டுக் கனத்த குண்டு மஞ்சள் முனையும், 1953-ல் வந்த எஃகு உள்ளீட்டுக் குண்டு வெள்ளி முனையும் உடையன. ஆங்கிலக் கூட்டின் அடியில் VII என்னும் எண்ணும் ஆண்டும் தொழிற்சாலைக் குறியும் பொறித்திருக்கும். K F என்றிருந்தால் பூனாவை அடுத்த கிர்க்கியில் செய்தது. எண்ணோடு W சேர்ந்தால் கவசம் துளைப்பது, G ஒளிவால் காட்டுவது, B தீமூட்டுவது. Z என்பது குண்டைப் பற்றியதன்று, மருந்தைப் பற்றியது. கார்டைட்டு அன்று என்பது பொருள்.

ஆயினும், இவ்வுரையெல்லாம் பெரிதும் கூட்டிற்குரியது. ஒரு முறை சுட்ட கூட்டில் வேறு குண்டைச் செருகி விற்போர் உண்டு. வண்ணம் தேய்ந்துபோம், புதிதாகத் தீட்டவும் படும். கடைசி ஏட்டை மாற்றிக் கட்டிய சுவடி போன்றது அது. காட்சியும் கருதலும் உரையோடு ஒத்தால் ஏற்க. ஒவ்வாதவிடத்து உரையைத் தள்ளுக. பெயர்ச் சீட்டெழுதும்போது "காந்தம் ஈர்க்கின்றது, எடை இவ்வளவு" எனக் கண்டதை ஒரு வரியிலும், "ஆதலின் எஃகு உள்ளீடு போலும்" எனக் கருதியதை மறு வரியிலும் பிரித்தெழுதுதல் நன்று. பின்வருவோன் நம் பிழையைத் திருத்த அது இடந்தரும்.

எச்சரிக்கை ஒன்று கூறாதொழிதல் தவறாகும். உயிருள்ள தோட்டாவை அரத்தால் அராவவோ, இடுக்கியாற் பிடித்துக் குண்டை இழுக்கவோ, நெருப்பிற் காட்டவோ எக்காரணம் கொண்டும் முயலற்க. முதல் உலகப் போரில் ஆகாயக் கப்பல்களை எரிக்க ஆங்கிலேயர் வழங்கிய பக்கிங்ஹாம் குண்டினுள் பாஸ்பரஸ் உண்டு. அதன் பக்கத்துச் சிறு துளையை அடைத்த பற்றாசு நூறாண்டிற்குப் பின் எந்நிலையில் இருக்குமென்று யார் அறிவார்? ஜெர்மானியரின் B என்னும் குண்டு பட்டவிடத்து வெடிப்பது. தோற்றத்தில் கவசம் துளைக்கும் குண்டை ஒத்தது. 1868-ம் ஆண்டு புனித பீட்டர்ஸ்பர்க் பிரகடனம் 400 கிராமுக்குக் குறைந்த வெடிகுண்டுகளை விலக்கியிருந்தும் இவை இரண்டும் பிறந்தன. அருங்காட்சியகங்களில் குறுக்கே அறுத்து வைத்திருக்கும் குண்டுகள், வெறுமையாக்கும் தொழிலிற் பயின்றோர் செய்தவை. அவற்றைக் கண்டு கற்பதே நமக்குப் போதும். மேலும், நம் நாட்டில் 1959-ம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருத்தல் குற்றம். தாத்தாவின் பெட்டியிற் கிடந்தது என்பது சட்டத்தின் முன் விடையாகாது. அத்தகையது கிடைத்தால் தொடாமல் காவல் நிலையத்திற்கு அறிவித்தலே முறை.

சுடப்பட்டு மண்ணிற் புதைந்து கிடந்த குண்டுகளைப் பற்றியும் இரண்டொரு சொல். இவற்றின் மேல் குழலின் வரைகள் பதிந்திருக்கும். அவற்றை எண்ணினால் எறிந்த ரைபிள் இன்னதென்று பெரும்பாலும் தெரியும். ஐந்து வரைகள் இடப்புறம் திருகியிருந்தால் லீ-என்பீல்டு. ஏழு வரைகள் இடப்புறமாயின் அதற்கு முன்னைய லீ-மெட்போர்டு. நான்கு வரைகள் வலப்புறமாயின் மௌசர் முதலியன. நான்கு இடப்புறமாயின் பிரெஞ்சு லெபல். முனை நசுங்காமல் பக்கம் மட்டும் தட்டையாகிக் கிடக்கும் ஏழாம் மார்க்குக் குண்டு புரண்டு விழுந்தது என்று கருதலாம். மண்ணில் நெடுங்காலம் கிடந்த ஈயத்தின் மேல் வெண்பொடி பூத்திருக்கும். செம்புறையின் மேல் பச்சை படரும். இப்பொடியைத் துலக்கிப் பளபளப்பாக்குவோர் வரைகளையும் சேர்த்துத் துலக்கிவிடுகின்றனர். வெண்பொடி நஞ்சாதலின், தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவருந்தல் ஆகாது.